பிளான் இல்லாத வரைபடம்

பட்டறைக்குள் நுழைந்ததும் அத்தான் செய்த முதல் காரியம், ஒரு மூன்று மாடிக் கட்டிடத்தைத் தூக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டதுதான்.

பதற வேண்டாம். அட்டையும் மெல்லிய பலகையும் ஒட்டிச் செய்த மாடல் அது. அத்தான் என்றால் என் அக்காள் புருஷன். காணாமல் போனவர்களைக் கண்டுபிடித்துக் கொடுப்பது அவர் தொழில். வண்டி ஓட்டுவது, டீ வாங்கி வருவது, அவருடைய புத்திசாலித்தனத்தைப் பார்த்து வாயைப் பிளப்பது, இவை மூன்றும் என் தொழில். மூன்றாவதில்தான் எனக்கு வாய் வலிக்கும்.

"கீழ வைங்க சார். பசை இன்னும் காயலை," என்றாள் பட்டறைக்காரி.

எல்லோரும் அவளை அம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கையில் ஓரடி நீள இரும்பு ஸ்கேல். பேசும்போதெல்லாம் அதைத் தொடையில் தட்டிக்கொண்டே பேசினாள். கட்டப்போகும் குடியிருப்புகள், கப்பல்கள், கூரையைக் கழற்றினால் உள்ளே இயந்திரங்கள் தெரியும் தொழிற்சாலைகள் என்று எல்லாவற்றையும் சின்னதாகச் செய்து விற்கிற பட்டறை அது. ஆறேழு பேர் மேஜைகளில் குனிந்திருந்தார்கள். நாங்கள் வந்ததற்கு ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பாலிஷ் போடுகிற பெண்ணின் விரல் முட்டிகளில் வரிவரியாகத் தழும்பு. பலகை கீறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நினைப்பதற்கு எனக்குச் சம்பளம் கிடையாது.

"என் பொண்ணைக் கடத்திட்டாங்க சார்," என்றாள் அம்மா. "போலீஸ்ல போய்ச் சொன்னா, வயசுப் பொண்ணு, யார்கூடயாவது ஓடியிருப்பான்னு சிரிக்கிறாங்க. என் பொண்ணு அப்படிப்பட்டவ இல்லை. இந்தப் பட்டறைக்கு வரைஞ்சு குடுக்கிறதே அவதான். அவ உசுரோட இருக்காளான்னு தெரிஞ்சா போதும்."

அவள் கண் கலங்கியது. எனக்கு மனசு இளகிவிட்டது. பெற்ற வயிறு என்று என் அக்காள் அடிக்கடி சொல்வாள். அதுதான் ஞாபகம் வந்தது.

"வரைபடம் வந்துச்சுன்னு சொன்னீங்களே?" என்றார் அத்தான்.

மேஜைமேல் ஒரு தாளை விரித்தாள். யாரோ கஸ்டமர் மாடல் செய்யச் சொல்லி அனுப்பியதுபோலத் தபாலில் வந்ததாம். கீழ் மூலைப் பெட்டியில் பெயர் இல்லை, விலாசம் இல்லை. ஸ்கேல் ஒன்றுக்கு ஐம்பது என்று மட்டும் இருந்தது. அதாவது நிஜத்தில் ஐம்பது அடி என்றால் மாடலில் ஒரு அடி.

"வரைஞ்ச கை என் பொண்ணோடதுதான். அளவுல ஏழுன்னு போட்டிருக்கே, அந்த நம்பரைப் பாருங்க, நடுவுல ஒரு கோடு. நான் எத்தனை தடவை அடி... எத்தனை தடவை சொல்லியும் அவ அந்தக் கோட்டை விடலை."

தாளில் இடது பக்கம் ஒரு கட்டிடத்தின் முகப்பு. அதற்கு வலது பக்கத்தில் அதே கட்டிடத்தின் பக்கச்சுவர். அந்தச் சுவரில், மூன்றாவது மாடி உயரத்தில், படியே இல்லாமல் ஒரு கதவு. மூட்டைகளைக் கயிறு கட்டி மேலே இழுப்பதற்கான கதவு என்று அம்மா சொன்னாள். மூலையில் சின்னதாக ஒரு செக்‌ஷன்: சுவரைக் கத்தியால் வெட்டினால் உள்ளே எப்படி இருக்கும் என்று காட்டுகிற படம்.

"முகப்பைப் பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு சார். பழைய சரக்குக் கிடங்குங்க வரிசையா இருக்கே, அந்தத் தெரு. ஆனா அங்க எல்லாத்துக்கும் ஒரே மூஞ்சி. பக்கச்சுவரை வெச்சுத்தான் எதுன்னு கண்டுபிடிக்கணும். இடது சுவர்ல உசரத்துல கதவு இருக்கிறது ஒண்ணே ஒண்ணுதான். என் தம்பி போய்ப் பூட்டை உடைச்சுப் பார்த்தான். தூசியைத் தவிர ஒண்ணும் இல்லை."

தம்பி வாசலருகே நின்றிருந்தான். வாசலும் அவனும் ஒரே அகலம்.

"இடது சுவர்னு எப்படிச் சொல்றீங்க? படத்துல வலது பக்கம்தானே இருக்கு?" என்று கேட்டேன்.

பட்டறையில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். அம்மாவின் ஸ்கேல் ஒருமுறை தட்டியது. சிரிப்பு நின்றது.

"எங்க முறை அது. இடது பக்கம் நின்னு பார்த்தா தெரியறதை, முகப்புக்கு வலது பக்கம் வரைவோம்."

"எதுக்கு இப்படித் தலையைச் சுத்தி மூக்கைத் தொடணும்?"

"மச்சான், வாயை மூடிட்டு இங்க வா," என்றார் அத்தான். ஒரு வெள்ளைத் தாளையும் பென்சிலையும் என் முன் தள்ளினார். "சாய்கோடா பத்துப் போடு."

போட்டேன். எல்லாம் வலது பக்கம் சாய்ந்து விழுந்தன.

"இப்ப இடது கையால."

போட்டேன். கோணலும் மாணலுமாக வந்தது. ஆனால் அத்தனையும் இடது பக்கம் சாய்ந்திருந்தன.

அத்தான் செக்‌ஷன் படத்தைக் காட்டினார். வெட்டுப்பட்ட சுவர் என்று தெரிவதற்காக அந்த இடத்தைச் சாய்கோடுகளால் நிரப்பியிருந்தது. பிறகு பட்டறைச் சுவரில் மாட்டியிருந்த, காணாமல் போன பெண்ணின் பழைய வரைபடங்களைக் காட்டினார். பழையவற்றில் கோடுகள் வலது பக்கம் சாய்ந்திருந்தன. வந்த தாளில் இடது பக்கம்.

"உங்க பொண்ணு இதை வலது கையால வரையலைம்மா," என்றார்.

"ஒடஞ்ச கையால எப்படி சார் வரைவா?" அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "பாவிங்க. என் குழந்தையை என்ன பாடு படுத்தறாங்களோ."

இந்தத் தாயின் கண்ணீரைத் துடைக்காமல் இன்றைக்குச் சோறு இறங்காது என்று முடிவு செய்தேன். காலையில் இரண்டு முறை சாப்பிட்டிருந்ததால் முடிவு சுலபமாக இருந்தது.

அத்தான் மாடலை மேஜைமேல் வைத்தார். "இதை யார் பண்ணினது?"

"ரிவர்ஸ்," என்றாள் அம்மா. "தெருவுக்கு எடுத்துட்டுப் போய் ஒப்பிட்டுப் பார்க்கலாம்னு நான்தான் பண்ணச் சொன்னேன்."

ரம்பம் ஓட்டுகிறவன் எழுந்து நின்றான். முப்பது வயது, ஒல்லி, சட்டையெல்லாம் மரத்தூள்.

"ரிவர்ஸா? நேரா நடக்கத் தெரியாதா?" என்றேன்.

பாலிஷ் போடுகிற பெண்தான் மெல்லச் சொன்னாள். "வந்த புதுசுல ஒரு பங்களா பண்ணினார் சார். கார் நிறுத்தற இடம் பக்கம் மாறி வந்துடுச்சு. அவர் முன்னாடி வேலை பார்த்த இடத்துல வேற முறையாம். வலது பக்கம் பார்த்ததை வலது பக்கமே வரைவாங்களாம். அதிலேருந்து ரிவர்ஸ்னே கூப்பிடறோம்."

"அந்த முறையை இந்தப் பட்டறையில நான் புதைச்சு ரொம்ப நாளாச்சு," என்றாள் அம்மா. ஸ்கேல் தட்டியது. ரிவர்ஸ் தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

அத்தான் முகத்தில் அந்தப் பொல்லாத சிரிப்பு வந்தது. எனக்கு அது நன்றாகத் தெரியும். சீட்டாட்டத்தில் என்னை மொட்டையடிப்பதற்கு முன்னால் வருகிற சிரிப்பு.

"ஏம்மா," என்று பாலிஷ்காரியைக் கேட்டார். "ஒரு கட்டிடம் மாடல் பண்ணணும். வரைபடத்துல முகப்பு இருக்கு, பக்கச்சுவர் இருக்கு. மேலேருந்து பார்க்கிற பிளான் மட்டும் இல்லை. நீ முதல்ல என்ன பண்ணுவே?"

அவள் அம்மாவைப் பார்த்தாள். பிறகு சொன்னாள். "பிளான் எங்கேன்னு கேப்பேன் சார். பிளான் இல்லாம எப்படி அடித்தளம் வெட்டறது?"

"எல்லாரும் கேப்பீங்களா?"

"நேத்து வந்தவங்ககூடக் கேப்பாங்க."

"ரிவர்ஸ் கேக்கலையே. பொண்ணு அவசரத்துல விட்டிருப்பா," என்றாள் அம்மா.

"சாய்கோட்டை இடது கையால அத்தனை பொறுமையா நிரப்பினவளுக்கு அவசரமா? வேணும்னே விட்டிருக்காம்மா. உங்க முறையில பிளானை எங்க வரைவீங்க?"

"முகப்புக்குக் கீழ."

"உங்க பழைய பட்டறையில?" அத்தான் ரிவர்ஸ் பக்கம் திரும்பினார்.

அவன் நெற்றியில் மரத்தூள் வேர்வையில் ஊறிக் கோடாக இறங்கியது.

"மேல வரைவாங்க. சரியா? கீழ இருந்தா ஒரு முறை, மேல இருந்தா இன்னொரு முறை. பிளானைப் போட்டா எந்த முறைன்னு பார்த்ததுமே தெரிஞ்சிடும். அதான் அவ போடலை. இது உங்களுக்கு வந்த வரைபடம் இல்லைம்மா. இந்தப் பட்டறையில அந்த இன்னொரு முறை தெரிஞ்ச ஒரே ஆளுக்கு வந்தது. அவன் பார்த்ததுமே புரிஞ்சுக்கிட்டான். அதனாலதான் பிளான் எங்கேன்னு அவன் கேட்கலை."

"சார்," என்றான் ரிவர்ஸ். குரல் வெளியே வரவில்லை. "சார், போதும். நீங்க தெரிஞ்சுக்கிட்டீங்க. சத்தமா சொல்லாதீங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

"காலை அப்புறம் பிடி. முதல்ல ஜெயில் கம்பியைப் பிடிக்கப் பழகு," என்றேன் நான். இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அத்தான் மாடலின் இடது சுவரைப் பிடித்து இழுத்தார். ஈரப்பசை விட்டுக்கொண்டு வந்தது. அதை வலது பக்கம் வைத்து அழுத்தினார். உயரத்துக் கதவு இப்போது வலது சுவரில் இருந்தது.

"காப்பாத்துன்னு அந்தப் பொண்ணு இடம் காட்டி அனுப்பியிருக்கா. இவன் தெரிஞ்சே பக்கத்தை மாத்தி ஒட்டி உங்களை வேற கட்டிடத்துக்கு அனுப்பியிருக்கான். கடத்தினவனோட கூட்டாளி உங்க வீட்டுச் சம்பளத்துலயே இருக்கான். வலது சுவர்ல கதவு இருக்கிற கிடங்கைப் பாருங்க. பொண்ணு அங்கதான்."

ரிவர்ஸ் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். பிடிபட்டவன் அழுகை என்று நினைத்தேன்.

அம்மா மாடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வலது சுவர்," என்று ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

"போலீஸ் வர்ற வரைக்கும் இவனை எங்கேயும் விடாதீங்க," என்றார் அத்தான்.

"தம்பி, ஐயா சொன்னது கேட்டுச்சா?" அவள் தம்பியின் அருகில் போய்க் காதில் ஏதோ சொன்னாள். அவன் தலையை ஆட்டிவிட்டு ரிவர்ஸின் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கினான். மற்றவர்கள் மேஜையைவிட்டுத் தலையை எடுக்கவில்லை.

நாங்கள் என் வண்டியில் முன்னால் போனோம். அம்மா தன் காரைத் தானே ஓட்டிக்கொண்டு பின்னால் வந்தாள்.

கிடங்குத் தெருவில் அத்தனை கட்டிடங்களும் ஒரே அச்சு. ஒவ்வொன்றுக்கும் இடது பக்கம் வண்டி போகிற சந்து, வலது பக்கம் உயரமான மதிலை ஒட்டிப் பூனை போகிற இடுக்கு. இடது சுவர்கள் தெருவிலிருந்தே தெரியும். வலது சுவரைப் பார்க்க வேண்டுமானால் ஒருக்களித்து நுழைய வேண்டும். நுழைகிற வேலை யாருக்கு வரும் என்று சொல்லத் தேவையில்லை. நான்காவது இடுக்கில் சட்டைப் பொத்தானைப் பறிகொடுத்துவிட்டு அண்ணாந்து பார்த்தேன். மூன்றாவது மாடியில், படியே இல்லாமல், ஒரு கதவு.

"அத்தான்! மாடல்ல எப்படியோ அப்படியே இருக்கு!"

தம்பி பூட்டுடைத்த கிடங்கு அதற்கு அடுத்ததுதான்.

கீழ்க் கதவு சாத்தியிருந்தது, தள்ளினால் திறந்தது. மரப்படிகள். அத்தான் முன்னால், நான் நடுவில், அம்மா பின்னால். ஸ்கேல் கைப்பிடியில் உரசிக்கொண்டே வந்தது. இரண்டாவது மாடி திரும்புகிற இடத்தில் அத்தான் சட்டென்று நின்றார். நான் அவர் முதுகில் மோதினேன்.

"மச்சான்," என்றார் மிக மெதுவாக. "நான் கை ஒடஞ்சுதுன்னு சொன்னேனா?"

"எப்போ?"

"பட்டறையில. வலது கையால வரையலைன்னு சொன்னேன். ஒடஞ்சுதுன்னு சொல்லலை. கட்டி வெச்சிருக்கலாம், சுட்டிருக்கலாம், சுளுக்கியிருக்கலாம். அந்தம்மாவுக்கு எப்படித் தெரியும்?"

பாலிஷ்காரியின் முட்டித் தழும்புகள், நிமிராத தலைகள், கையைப் பின்னால் கட்டிக்கொண்ட ரிவர்ஸ், எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. அந்தப் பெண் கடத்தப்படவில்லை. தாயிடமிருந்து தப்பித்திருக்கிறாள். தாள் வந்தது காப்பாற்றச் சொல்லி அல்ல. ரிவர்ஸை மட்டும் வரச் சொல்லி.

அத்தான் திரும்பினார். முகத்தில் ஒரு சிரிப்பை ஒட்டவைத்திருந்தார். பசை பிடிக்கவில்லை. "தப்பான கட்டிடம்போல இருக்கும்மா. மேல ஆள் நடமாட்டமே இல்லை. வாங்க, இறங்கலாம்."

"நகருங்க," என்றாள் அவள்.

எங்களைத் தள்ளிக்கொண்டு ஏறினாள். மேல்மாடிக் கதவை ஸ்கேலின் விளிம்பால் மூன்று முறை தட்டினாள். உள்ளே ஏதோ கீழே விழுந்து உடைந்தது. அந்த ஸ்கேல் சத்தம் யாருடையது என்று உள்ளே இருந்தவளுக்குத் தெரிந்துவிட்டது.

"இடது கையும் நல்லாத்தான் வரையுது. பார்த்தேன்," என்றாள் அம்மா கதவைப் பார்த்து. "வேலையெல்லாம் நிக்குது, வா."

ஸ்கேல் மறுபடி கதவைத் தட்டியது.

"உன் ரிவர்ஸ் பட்டறையிலதான் இருக்கான். ரம்பத்துக்குப் பக்கத்துல. உன் மாமா கூட இருக்கான். அவன் முழுக் கையோட வீட்டுக்குப் போறதா இல்லையான்னு நீயே சொல்லு."

தாழ்ப்பாள் விலகியது.

இருபத்தைந்து வயதிருக்கும். வலது கையில் மூன்று விரல்கள் கோணலாக வளைந்து அப்படியே ஒட்டிப்போயிருந்தன. அவள் தாயைப் பார்க்கவில்லை. எங்களைப் பார்த்தாள்.

"யாரு படிச்சது?"

அம்மா ஸ்கேலால் அத்தானைக் காட்டினாள்.

"பிளான் இல்லைங்கறதை வெச்சா?"

அத்தான் தலையை ஆட்டினார்.

"பக்கத்துக் கட்டிடத்துப் பூட்டை உடைக்கும்போதுகூட நான் பயப்படலை," என்றாள். "வாயில துணியை வெச்சுக்கிட்டு, அவர் சரியாத்தான் பண்ணியிருக்கார், இனிமே கண்டுபிடிக்க மாட்டாங்கன்னு உக்காந்திருந்தேன்."

அத்தான் படியை மறித்துக்கொண்டு நின்றார். "நீ இவங்ககூடப் போக வேண்டாம்மா. நான் போலீஸைக் கூப்பிடறேன். இங்கேயே."

"கூப்பிடுங்க. ரம்பத்தைவிட வேகமா வருவாங்களா?"

அவனை எங்கேயும் விடாதீர்கள் என்று சொன்னது அவர்தானே. ஒதுங்கி வழிவிட்டார். ஊரில் இல்லாத கெட்டிக்காரர், என் அக்காள் புருஷன். அந்த நிமிஷம் அவரைப் படியிலிருந்து உருட்டிவிட வேண்டும் போலிருந்தது. கூடவே கம்பியைப் பிடிக்கப் பழகு என்று சொன்ன என் வாயில் நானே ஒன்று போட வேண்டும் போலவும் இருந்தது.

தாயும் மகளும் இறங்கினார்கள். அத்தான் போலீசுக்குப் பேசத் தொடங்கினார். நான் பட்டறைக்குப் போன் போட்டேன். தம்பியிடம் கெஞ்சலாம், மிரட்டலாம், எதையாவது சொல்லி நேரத்தைக் கடத்தலாம் என்று ஒரு நப்பாசை. எடுத்த தம்பி, அக்காள்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்து, என்னைப் பேசவே விடவில்லை.

"முடிஞ்சுதுக்கா. அவ வர்றதுக்கு முன்னாடியே முடிச்சிடுன்னியே, முடிச்சாச்சு. ரெண்டு விரல்தான். மூணாவதுக்குள்ள மயக்கம் போட்டுட்டான். போதும்னு விட்டுட்டேன்."

அவன் குரலுக்குப் பின்னால் ஒரு பெண் வீறிட்டு அழுதுகொண்டிருந்தாள்.

நான் அதை அத்தானிடம் எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அவர் ஆம்புலன்ஸ், பட்டறை விலாசம் என்று போனில் கத்திக்கொண்டே மூன்று மாடியையும் பாய்ந்து இறங்கினார். நான் பின்னால் ஓடினேன். தெருவில் அந்தப் பெண் ஒரு காலைக் காருக்குள் வைத்திருந்தாள்.

"ஏறாதே!" என்றார் அத்தான். "அவனோட ரெண்டு விரலை வெட்டியாச்சு. இங்க வர்றதுக்கு முன்னாடியே சொல்லிட்டு வந்துட்டாங்க. நீ போனாலும் போகலைன்னாலும் வெட்டியாச்சு."

இதைவிட நயமாகச் சொல்ல வழி இருந்திருக்கும். ஆனால் அவளைப் பிடித்து வைத்திருந்த கயிறு அது ஒன்றுதான். அதை அறுக்க வேறு கத்தியும் இல்லை.

அவள் தாயின் பக்கம் திரும்பினாள். இல்லை என்று ஒரு வார்த்தை வரும் என்று நான்கூட எதிர்பார்த்தேன்.

"ரெண்டு போனா எட்டு இருக்கு," என்றாள் அம்மா. "ஏறுடி."

அந்தப் பெண் காலை வெளியே எடுத்தாள். இடது கையால் காரின் கதவைச் சாத்தினாள். ஸ்கேல் உயர்ந்தது. அவள் அதைப் பிடுங்கவில்லை, ஒதுங்கவும் இல்லை. அது தோளில் விழுந்ததைக் கவனித்ததாகவே தெரியவில்லை. நேராக என்னிடம் வந்தாள்.

"உங்க வண்டி எது?"

காட்டினேன்.

"அவர்கிட்ட கொண்டு போய் விடுங்க."

பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். நான் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தேன். அத்தான் வழக்கம்போல முன்பக்கத்துக் கதவைத் திறந்தார்.

"நீங்க ஏறாதீங்க," என்றாள்.

அவர் கதவை மூடிவிட்டு ஓரமாக நகர்ந்தார். நான் வண்டியை எடுத்தேன். தெருமுனையில் திரும்பும்போது பார்த்தேன். எங்கள் கேஸைக் கொண்டு வந்த அம்மாவும் என் அத்தானும் அந்தத் தெருவில் பக்கத்தில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்கள்.